பத்து வயசுப் பையனிடம் முயல் ஆமைக் கதையை நீட்டாதீர்கள்

வாசகர் கேள்விகள்

போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது போகிறபோக்கில், "படிக்கத் திணறுகிற பிள்ளைக்குப் புத்தகம் தேடுவது தனி வேலை" என்று ஒரு வரி எழுதிவைத்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. கிளை நூலகத்தில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது, டாக்டரும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பு. இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். ஒரு வரியை முடிப்பதற்குள் அதன் தொடக்கம் அவனுக்கே மறந்துபோகிறது. புத்தகக் கண்காட்சியில் நீதிக்கதைகள் பத்துப் புத்தகம் செட்டாக வாங்கினேன். 'நான் என்ன பாப்பாவா?' என்று தள்ளி வைத்துவிட்டான். சரி என்று அவன் வயசுக்கு ஏற்றதைக் கொடுத்தால் இரண்டு வரியில் மூடிவிடுகிறான். நான் என்னதான் வாங்குவது?
ஒரு அம்மா, திண்டுக்கல்

பதில்: 'நான் என்ன பாப்பாவா' என்று கேட்டானே, பாதிப் பதிலை அவனே சொல்லிவிட்டான் அம்மா. பையனுக்குப் பத்து வயசு. கிரிக்கெட், பேய், பைக், வகுப்பில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதுவரை எல்லாம் தெரியும். கண் மட்டும் இரண்டாம் வகுப்பு வரியில் நிற்கிறது. நம் கடைகளில் எளிய வரி கேட்டால் முயலும் ஆமையும்தான் கிடைக்கும். பத்து வயசுக்கான விஷயம் கேட்டால் பொடி எழுத்தில் பக்கம் முழுக்க நெருக்கி அடித்திருப்பார்கள். விஷயம் பெரிய பையனுக்கானதாக, வரி சின்னப் பையனுக்கானதாக இருக்கிற புத்தகம்தான் அவனுக்கு வேண்டும். பிரிட்டனில் 1998-இல் பாரிங்டன் ஸ்டோக் என்ற பதிப்பகத்தை இதற்கென்றே தொடங்கினார்கள், தாளின் நிறம், எழுத்தின் வடிவம் வரை இந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். நமக்கு அப்படித் தனி அலமாரி கிடையாது. நாமே பொறுக்கிச் சேர்க்க வேண்டியதுதான்.

பொறுக்குவதற்கு முன்னால் அவன் எங்கே இடறுகிறான் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். திட்டாமல், திருத்தாமல், சும்மா பாருங்கள். தமிழில் எழுதியிருப்பதை அப்படியே படித்தால் போதுமே, இதில் என்ன கஷ்டம் என்று நமக்குத் தோன்றும். நமக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். 'கொ'வை எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் முதலில் வருவது க், கண்ணில் முதலில் படுவது கொம்பு. துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் காலடியில் ஒரு சின்னக் கோடு. 'கௌரவம்' என்று எழுதினால் 'க'வுக்கு அடுத்து நிற்பது பார்ப்பதற்கு அசல் 'ள'. உகர வரிசையோ கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. நம் மாதிரியே உயிர்மெய் வரிசைகள் உள்ள கன்னடத்தில் சோனாலி நாக் என்ற ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்து, எழுத்துகள் முழுதாகக் கைவருவதற்கு நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று எழுதினார். இதைப் படித்த அன்று நான் எத்தனை பிள்ளைகளை 'இன்னுமா எழுத்துக் கூட்டுகிறாய்' என்று கேட்டிருப்பேன் என்று யோசித்துக் கொஞ்சம் கூசிப்போனேன்.

எழுத்தைத் தாண்டினால் சொல் நிற்கிறது. வீட்டில் அவன் கேட்பது 'போயிட்டிருந்தான்'. புத்தகத்தில் இருப்பது 'போய்க்கொண்டிருந்தான்'. இந்த இரண்டும் ஒன்று என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவனாகக் கண்டுபிடிக்க வேண்டும். போதாக்குறைக்கு, வரியின் கடைசியில் இடம் போதவில்லை என்றால் நம் அச்சில் சொல்லை வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவார்கள், வெட்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடுகூட இருக்காது. 'போய்க்கொண்' என்று ஒரு வரி முடிகிறது, 'டிருந்தான்' என்று அடுத்த வரி தொடங்குகிறது. 'டிருந்தான்' என்றால் என்னம்மா என்று ஒரு பெண் குழந்தை நூலகத்தில் என்னிடம் கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி.

ஆகவே கடையில் அட்டையைப் பார்க்காதீர்கள், நடுப்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். வரிக்கும் வரிக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கிறதா? நெருக்கி அடித்தால் மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் புள்ளியும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், புள்ளி தெரியாவிட்டால் 'க்'கும் 'க'வும் ஒன்றுதான். வரிக் கடைசியில் சொல் வெட்டுப்படுகிறதா? பேச்சு நிறைய வருகிறதா? கதாபாத்திரங்கள் 'என்னடா பண்றே' என்று நாம் பேசுகிறபடி பேசினால் இன்னும் நல்லது. இலக்கணம் கெட்டுப்போகும் என்று பயப்படாதீர்கள், பள்ளிக்கூடம் அதைப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் பையனையே ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலப் புத்தகத்துக்கு ஒரு பக்கத்தில் ஐந்து சொல் இடறினால் கஷ்டமான புத்தகம் என்று ஒரு விரல் கணக்கு உண்டு. தமிழ்ச் சொல் நீளம், பக்கத்தில் சொற்கள் குறைவு, அதனால் நான் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். மூன்றுக்கு மேல் இடறினால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவன் கேட்கட்டும்.

விஷயத்துக்கு வருவோம். எங்கள் நூலகத்துக்கு ஒரு பையன் வருவான், வெயிலுக்கு ஒதுங்கவும் மின்விசிறிக்குக் கீழே உட்காரவும். படிக்க மாட்டான். ஒருநாள் பாம்புகளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்று மேசைமேல் திறந்து கிடந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு விஷப்பாம்புகளின் பெயரையும் தட்டுத் தடங்கலில்லாமல் படித்தான். படித்தான் என்பதா, அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர்களை எழுத்தில் அடையாளம் கண்டுகொண்டான் என்பதா! வயல்காட்டுப் பையன், பெயர்கள் வாயிலேயே இருந்தன. அதற்குக் கீழே இருந்த வரியைப் படித்துவிட்டு, "இது தப்பு மேடம், எங்க ஊர்ல இது ராத்திரிதான் வரும்" என்றான். ஒரு புத்தகத்தோடு சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டான், அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும். வாயில் இருக்கிற சொல் கண்ணுக்குச் சுலபம். உங்கள் பையன் எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறானோ அதில்தான் அவனுக்குத் தெரிந்த சொற்கள் இருக்கின்றன. அது மீன் தொட்டியாக இருக்கலாம், லாரியாக இருக்கலாம். படத்துக்குக் கீழே ஒரு வரி, இரண்டு வரி உள்ள தகவல் புத்தகமாகப் பாருங்கள். கதைதான் படிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

கதை என்றால் சிரிக்கிற கதை. தெனாலிராமன், பீர்பால், முல்லா எல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் முடியும், கடைசி வரியில் சிரிப்பு இருக்கும், அந்தச் சிரிப்புக்காக அதற்கு முந்தைய வரிகளைத் தாங்கிக்கொள்வான். விடுகதைப் புத்தகம் இன்னும் நல்லது. 'ஊரெல்லாம் சுற்றுவான், வீட்டுக்குள் மட்டும் வரமாட்டான்' என்று ஒரே வரி. விடை கடைசிப் பக்கத்தில், தலைகீழாக. செருப்பு என்று கண்டுபிடித்தவன் உங்களையும் அப்பாவையும் மடக்குவதற்காகவே அடுத்ததைப் படிப்பான்.

நீதிக்கதை எனக்கு அவ்வளவாக ஒத்துவராது, ஒப்புக்கொள்கிறேன். நாள் பூராவும் 'ஒழுங்காப் படி' என்று கேட்டுக் களைத்த பிள்ளைக்குச் சாயங்காலம் ஆமையும் வந்து அதையே சொல்ல வேண்டுமா? ஆனால் அந்தப் பத்துப் புத்தகத்தையும் தூக்கிப் போடாதீர்கள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நாலைந்து வயசுக் குழந்தை இருந்தால், "பாப்பாவுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டுடா" என்று அவனிடம் கேளுங்கள். அப்போது அது பாப்பா புத்தகம் இல்லை, அண்ணன் வேலை. இரண்டு நாள் தனியாக ஒத்திகைகூடப் பார்ப்பான்.

ராத்திரி பத்து நிமிஷம் சேர்ந்து வாசியுங்கள். கதை சொல்கிற வரிகள் உங்களுக்கு, பேச்சு வரிகள் அவனுக்கு. தடுக்கினால் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுச் சொல்லை நீங்களே சொல்லிவிடுங்கள், 'கூட்டிப் படி' என்று நிறுத்தாதீர்கள், கதை செத்துப்போகும். இன்னொன்று, உடனே வாங்காதீர்கள், பாதியில் மூடுகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் 'காசு போட்டு வாங்கினேனே' என்று உங்களுக்கு எரிச்சல் வரும், அது அவனுக்கும் தெரியும். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், கிளை நூலகத்தில் எடுங்கள். திண்டுக்கல்லிலிருந்து மதுரை பக்கம்தானே, 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய் விட்டுவிட்டு, நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் 1960-களின் 'அம்புலிமாமா' பைண்டு செய்த தொகுதிகள் எட்டு இருக்கின்றன. பேரனுக்கு ஒன்பது வயது, படங்களை ஆசையாகப் பார்க்கிறான், வாசிக்கச் சொன்னால் முழிக்கிறான். பள்ளிப் பாடத்தை ஓரளவு வாசிக்கிறவன் இதில் ஏன் தடுமாறுகிறான்?
ஒரு தாத்தா, தஞ்சாவூர்

பதில்: ஐயா, அந்தப் பொக்கிஷத்தை முதலில் எறும்பும் கரையானும் அண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பேரனைப் பார்ப்போம். பையன்மேல் தப்பே இல்லை. 'யானை' என்று எழுதினால் உங்கள் புத்தகத்தில் அந்த 'னை' தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அவன் பள்ளியில் படித்த 'னை'க்குத் தும்பிக்கை கிடையாது. பெரியார் 1935-லேயே 'குடிஅரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார், தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணை போட்டது 1978-இல். மாறியவை ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ஒகர ஓகார வரிசைகளில் ஆறு என மொத்தம் பதின்மூன்று எழுத்துகள். பதின்மூன்றுதானே என்று தோன்றும். 'இல்லை', 'அவனை', 'என்றான்' இல்லாமல் தமிழில் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும்.

இதையே விளையாட்டாக்கிவிடலாம். பதின்மூன்று எழுத்தையும் ஒரு அட்டையில் பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று அவனையே எழுதவையுங்கள். 'தாத்தா காலத்து ரகசிய எழுத்து' என்று சொல்லிவிட்டால் வகுப்பில் போய்ப் பீற்றிக்கொள்வான். அதுவரை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகள் இதற்கென்றே செய்த மாதிரி. கதை முடிகிற இடத்தில் வேதாளம் கேள்வி கேட்குமே, அங்கே புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போங்கள். விக்கிரமன் சொன்ன பதில் அரைப் பக்கம்தான், நீங்கள் திரும்பி வருவதற்குள் அவனே தட்டுத்தடுமாறித் தேட ஆரம்பித்திருப்பான். ஆரம்பிக்காவிட்டாலும் ஒன்றும் மோசமில்லை, 'தலை சுக்கு நூறாக வெடித்துவிடும்' என்று பயமுறுத்தி நாளைக்கு மறுபடி முயற்சி செய்யுங்கள்.

கேள்வி: எட்டு வயது மகள் ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கிறாள். தமிழ் வாசிப்பு ரொம்ப மோசம். காமிக்ஸ் மட்டும் தொடுகிறாள், அதிலும் பாதி நேரம் படம்தான் பார்க்கிறாள். இப்படியே விட்டால் 'உண்மையான' புத்தகத்துக்கு வரமாட்டாளோ என்று பயமாக இருக்கிறது.
ஒரு அப்பா, சென்னை

பதில்: சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தபோது அதைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்த பிள்ளைகள் பின்னாளில் எங்கள் நூலகத்துக்கு வந்து தடித்தடி நாவலாக அள்ளிக்கொண்டு போனார்கள். அதனால் பயத்தை விடுங்கள் சார். படம் பார்ப்பதும் வாசிப்பின் பாதிதான். முகத்தைப் பார்த்துக் கோபம் என்று தெரிந்துகொண்டவளுக்கு, பலூனுக்குள் இருக்கும் நாலு சொல்லை ஊகிப்பது சுலபம். காமிக்ஸில் வருவது பேச்சு, துண்டு துண்டாக வரும், பக்கம் பார்த்ததும் மலைப்பு வராது.

ஒரே எச்சரிக்கை, எழுத்தின் அளவு. பலூனுக்குள் இடம் பற்றாமல் எறும்பு மாதிரி அடித்த காமிக்ஸ்கள் இருக்கின்றன, திணறுகிற பிள்ளைக்கு அது தண்டனை. பிரித்துப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு சத்தமாக வாசியுங்கள், வில்லன் வேஷத்தை அவளுக்கே கொடுங்கள், வில்லனுக்குத்தான் நல்ல வசனம். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கிற இருமொழிப் படப் புத்தகங்களைச் சென்னையிலேயே தூலிகா பதிப்பகம் போடுகிறது, அவளைப் போல ஒரு மொழியில் வேகமாகவும் இன்னொன்றில் மெதுவாகவும் ஓடுகிறவர்களுக்கு நல்ல துணை. அப்புறம் அந்த 'உண்மையான' என்ற சொல்லை அவள் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தைக்கூடச் சரளமாக வாசிக்க வராது. சின்ன வகுப்புப் புத்தகம் கொடுத்தால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். இவர்களும் முரண்டு பிடிக்கிறார்கள். வாங்கித் தரக் கையில் காசும் இல்லை.
ஒரு ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: டீச்சர், காசு இல்லாமல் முடிகிற காரியங்களை மட்டும் சொல்கிறேன். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் உங்கள் பள்ளிக்கும் வந்திருக்கும், 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று நான்கு படிகளாக. மெல்லிய சின்னப் புத்தகங்கள், கையில் எடுத்ததும் முடித்துவிடலாம் என்று தோன்றும், அதுவே பெரிய விஷயம். ஆனால் பன்னிரண்டு வயசுப் பையன் கையில் எல்லோர் முன்னாலும் 'நுழை'யைக் கொடுத்தால் அவன் வெளியேதான் போவான். நான்கு படிகளையும் ஒன்றாகக் குவித்துப் பாயில் பரப்பிவிடுங்கள், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுக்கட்டும், நன்றாக வாசிக்கிற பிள்ளைகளும் 'நுழை'யை எடுத்துச் சிரித்துப் படிப்பார்கள், அந்தக் கூட்டத்தில் உங்கள் பத்துப் பேரும் கரைந்துவிடுவார்கள்.

கைப்பேசியில் இணையம் இருந்தால் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கள். தமிழில் கதைகள் நிறைய, நான்கு நிலைகளாகப் பிரித்து, இலவசமாக. பதிப்புரிமையும் திறந்த உரிமம்தான், அச்சிட்டு வகுப்பில் கொடுப்பதற்கு யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். கதை மட்டும் இல்லை, தேனீ, விண்வெளி, கணக்கு என்று தகவல் புத்தகங்களும் உண்டு. பெரிய பிள்ளைகளுக்கு நான் முதலில் அவற்றைத்தான் எடுப்பேன். பூச்சியைப் பற்றிய புத்தகத்தைப் பார்த்து யாரும் 'இது சின்னப் பிள்ளை புத்தகம்' என்று சொல்வதில்லை.

இன்னொரு வழி, பாட்டு. என் சின்ன வயசில் பேருந்து நிலையத்தில் சினிமாப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள், அழுக்குத் தாளில், எழுத்துப் பிழைகளோடு. பள்ளிக்கூடம் அதிகம் போகாத எங்கள் தெரு அக்கா ஒருத்தி அதை வைத்துக்கொண்டே வாசிக்கக் கற்றுக்கொண்டாள். பாட்டு அவளுக்கு மனப்பாடம், விரல் மட்டும் எழுத்தின்மேல் நகர்ந்தது, கொஞ்ச நாளில் விரல் இல்லாமலே கண் நகர்ந்தது. இதே சூட்சுமத்தைத்தான் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இருந்த பிரிஜ் கோத்தாரி பிடித்துக்கொண்டார். தொலைக்காட்சியில் பாட்டு ஓடும்போது அதே மொழியிலேயே வரிகளைக் கீழே ஓடவிட்டால் பார்க்கிறவர்கள் தங்களை அறியாமல் வாசிப்பார்கள் என்று 1996-இல் யோசித்து, அப்புறம் செய்தும் காட்டினார். உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது எந்தப் பாட்டு பைத்தியமோ அதன் பல்லவியைக் கரும்பலகையில் எழுதுங்கள். தலைமை ஆசிரியர் ஏதாவது சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள்!

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒன்று இருக்கிறது. அந்தப் பத்துப் பேரில் ஒருவனைக் கூப்பிட்டு, போன வாரம் கண்மாயில் மீன் பிடித்த கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்வதை அவன் பேச்சிலேயே, திருத்தாமல், பெரிய எழுத்தில் நாலு பக்கம் எழுதி நடுவே நூல் கோத்துவிடுங்கள். அவன் சொன்ன சொற்கள், அவனுக்கு நடந்த கதை, அட்டையில் அவன் பெயர். வாசிக்காமல் எங்கே போவான்? அடுத்த வாரம் மற்ற ஒன்பது பேரும் கதையோடு வரிசையில் நிற்பார்கள், உங்கள் கைதான் வலிக்கும்.

செய்ய வேண்டாதது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஒரு பத்தி என்று வரிசையாக எழுப்பி வாசிக்கவைக்கிற வழக்கம் இருக்கிறதே, அதை இவர்களுக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள். தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டு வியர்த்து உட்கார்ந்திருக்கிறவன் காதில் பாடம் எப்படி ஏறும்?

கேள்வி: மகளுக்குப் பதினொரு வயது. வாயால் கேட்டால் எல்லாப் பதிலும் சொல்கிறாள். எழுதவும் வாசிக்கவும் மட்டும் வரவில்லை. ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறாள். 'சோம்பேறித்தனம், வீட்டில் கவனியுங்கள்' என்கிறார் வகுப்பாசிரியர். சுவாரஸ்யமான புத்தகம் கொடுத்தால் சரியாகிவிடுமா?
ஒரு அம்மா, கோயம்புத்தூர்

பதில்: இந்தக் கடிதத்துக்கு மட்டும் விளையாட்டாகப் பதில் சொல்லப் போவதில்லை. புத்தகத்தால் மட்டும் இது தீராமல் போகலாம். வாயால் எல்லாம் சொல்கிற குழந்தை எழுத்தில் மட்டும் இப்படித் திணறினால் சோம்பேறி என்று சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. முதலில் கண், காது இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள், கரும்பலகை தெரியாமலேயே மூன்று வருஷம் ஓட்டிய குழந்தைகள் உண்டு. அவை சரியாக இருந்தால் டிஸ்லெக்சியாவா என்று பார்க்க வேண்டும். அது நோயும் இல்லை, புத்திக் குறைவும் இல்லை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் வருகிற சிக்கல். பல குடும்பங்களில் வழிவழியாகவும் வரும், அப்பாவோ மாமாவோ 'எனக்கும் படிப்பு ஏறலை' என்று சொல்லியிருந்தால் அதையும் கவனத்தில் வையுங்கள். தமிழில் சில நேரம் தப்பைவிட மெதுவான வாசிப்புதான் அடையாளமாகத் தெரியும், எழுத்தெல்லாம் சரியாகத்தான் படிக்கிறாள், ஆனால் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் என்பது மாதிரி.

மதிப்பீட்டைச் செய்வது மருத்துவ உளவியலாளரும் சிறப்புக் கல்வி ஆசிரியரும். பள்ளியில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் மாதிரியான அமைப்புகள் சென்னையில் பல வருஷமாக ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்துவருகின்றன, எங்கே போவது என்று அவர்களிடம் விசாரிக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் இருக்கிறது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்றெல்லாம் சலுகைகள் உண்டு. சான்றிதழ் வேலையைப் பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஆரம்பித்து அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், நீங்கள் இப்போதே ஆரம்பியுங்கள். நினைவாற்றல் டானிக் என்று யாராவது விற்க வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

புத்தகத்தை நிறுத்தவும் வேண்டாம். கண்ணால் எட்டாத கதைகளைக் காதால் கொடுங்கள். அவள் புத்தி பதினொரு வயதுக்கு வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, அதற்குத் தீனி வேண்டும். நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், முடியாத நாளில் ஒலிப்புத்தகம். தானாக வாசிப்பதற்கு முன்சொன்ன மாதிரி இடைவெளி விட்டு அடித்த சின்னப் புத்தகம், ஒன்றையே திரும்பத் திரும்ப என்றாலும் சரி. அப்புறம் அந்த 'சோம்பேறி' என்ற சொல். அதை அவள் ஏற்கெனவே நம்பத் தொடங்கியிருப்பாள், அது அப்படி இல்லை என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள், சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: தினமும் எத்தனை பக்கம் படிக்கவைக்க வேண்டும்?
ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பக்கத்தை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிஷம். 'இன்னும் கொஞ்சம்' என்று அவர்களே கேட்டால் பதினைந்து.

கேள்வி: எனக்குப் புத்தகம் படிக்கவே பிடிக்காது. எழுத்து எல்லாம் ஆடுற மாதிரி இருக்கு. அம்மா சனிக்கிழமை ஆனா லைப்ரரிக்கு இழுத்துட்டுப் போறாங்க. அங்க போய் நான் என்ன பண்றது? (இதை நான் சொல்லச் சொல்ல அக்காதான் எழுதினாள்.)
ஆறாம் வகுப்பு மாணவன், சிதம்பரம்

பதில்: தம்பி, முதலில் அக்காவுக்கு என் நன்றியைச் சொல். அடுத்து, எழுத்து ஆடுகிறது என்று எனக்குச் சொன்னதை அப்படியே அம்மாவிடமும் சொல், கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொல். சனிக்கிழமைக்கு வருவோம். நூலகத்தில் யாரும் உன்னைப் பரீட்சை வைக்க மாட்டார்கள். படம் மட்டும் பார். கின்னஸ் சாதனை மாதிரி எங்கே பிரித்தாலும் விசித்திரமாக ஏதாவது இருக்கிற புத்தகம் உண்டா என்று நூலகரிடம் கேள், வெட்கப்படாதே, நாங்கள் சும்மாதான் உட்கார்ந்திருப்போம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் போய், படிக்கிற வரிக்குக் கீழே வைத்து மற்ற வரிகளை மறைத்துப் பார், சில பேருக்கு ஆட்டம் கொஞ்சம் குறையும். கதை என்றால் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடு, தப்பில்லை, நானே அப்படித்தான். பிடிக்கவில்லையா, மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடு. இப்படி எத்தனை புத்தகத்தை மூடினாய், ஒவ்வொன்றையும் எந்தப் பக்கத்தில் மூடினாய் என்று மட்டும் அக்காவிடம் சொல்லி எனக்கு எழுதச் சொல்.